பிலிம் போடாத சாமத்திய வீடு

சபாரத்தினத்திற்கு விண்வெளி என்றால் பைத்தியம். தொண்ணூற்றொன்று செப்டம்பரில், விண்வெளி ஓடத்தில் போனவர்கள் பிலிமே இல்லாத கமரா ஒன்றைக் கொண்டுபோனார்கள், எடுத்த படத்தை அங்கிருந்தே பூமிக்கு அனுப்பினார்கள் என்று பேப்பரில் படித்தாலும் படித்தார், லண்டன் டூட்டிங்கில் அவரிடம் அகப்பட்டவர்கள் பாடு பெரும்பாடாகிவிட்டது.

அந்தக் கிழமைதான் அக்கா சிவனேஸ்வரியின் மகளுக்குச் சாமத்திய வீடு. அத்தான் தியாகராஜா விசா கிடைக்காமல் நாலு வருடமாகக் கொழும்பில் இருந்தார். மகள் வயசுக்கு வந்து பெரியபிள்ளையாகிச் சேலை கட்டி நிற்பதை அவர் படத்தில்தான் பார்க்கவேண்டும். படமெடுக்கிற பொறுப்பு சபாரத்தினத்துடையது.

மண்டபத்தில் ஆரத்தி எடுக்க வந்தவர்களைக்கூட அவர் விடவில்லை. அந்த விண்வெளிக் கமராவுக்குப் பிலிம் கழுவத் தேவையில்லையாம், பிரிண்ட் போடக் காத்திருக்கத் தேவையில்லையாம் என்று விளக்கிக்கொண்டே படங்களைத் தட்டித் தள்ளினார். ஒரு பிலிமுக்குரிய முப்பத்தாறு படம் தாண்டியும் கமரா நிற்காமல் போனபோதுதான் சந்தேகம் தட்டியது. ஒதுக்குப்புறமாகப் போய்த் திறந்து பார்த்தார். பிலிம் போடவே இல்லை.

இரண்டு நாள் அக்காவின் கண்ணில் படாமல் திரிந்தார். மூன்றாம் நாள் போய்ச் சொன்னார். அக்கா நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

"அந்த மனிசனுக்கு நான் இப்ப என்னத்தை அனுப்ப?" என்று மட்டும் கேட்டார்.

சபாரத்தினம் வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போனார். நடந்ததைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அதே சேலையோடு அக்கா வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சினார். எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கமராவைத் திறந்துகாட்டச் சொன்னார்கள். திறந்தால் பிலிம் பழுதாகிவிடும் என்று அவர் பதற, ஆரத்தித் தட்டுப் பிடித்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். மண்டபத்தில் முகத்தை உம்மென்று வைத்திருந்த மகளுக்கும் அன்று வாய் மூடவில்லை.

படங்கள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் அத்தான் அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தார்; சபாரத்தினமும் அங்கேதான் இருந்தார். அவர் கத்திப் பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் நல்லாத்தான் சிரிக்கிறியள். நான் இல்லாதது ஒருத்தருக்கும் குறையாத் தெரியேல்லைப் போல."

சபாரத்தினத்திற்குச் சுருக்கென்றது. தன்னால் வந்த வினை. எழுந்து போய்விடலாமென்று பார்த்தார். அக்கா கையைப் பிடித்து இருத்திவிட்டு, விண்வெளிக் கமராவில் தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் கணவரிடம் சொல்லி முடித்தார். பிறகு அக்கா ரிசீவரைத் தம்பியின் காதில் வைத்து அழுத்தினார்.

"கேளடா தம்பி. அவர் இப்பிடிச் சிரிச்சு நாலு வருசமாச்சு."