எல்லோருக்கும் அறுபத்து நான்கு

1

இந்தக் கதை எனக்குத் திருட்டுத்தனமாகக் கிடைத்தது. போன ஆடியில் தலைசுற்றல் என்று குன்னூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ஐந்து நாள் படுத்திருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டைகளைப் படிப்பது அநாகரிகம். கழிப்பறைக்குப் போகிற சாக்கில் ஆண்கள் வார்டின் ஆறு அட்டைகளையும் படித்தேன். திங்கட்கிழமை காலை, நாடித்துடிப்பு என்ற கட்டத்தில், ஆறு பேருக்கும் ஒரே எண்: 64. ஆறில் ஒன்று என் அட்டை.

கதை எழுதுகிறவனுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அந்தக் குஷியில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மலைமுகட்டில் வெண்பனி தவழ்ந்த அந்த இனிய காலையில் —’

அடித்துவிட்டேன். பனி தவழாத ஊட்டிக் கதை உலகத்தில் கிடையாது. அதுவும் ஆடியில் பனி ஏது? மேகமும் சாரலும்தான்.

இரண்டாவது: ‘வனிதாவுக்கு இரண்டு கனவுகள். ஒன்று இசை, மற்றொன்று சேவை —’

இது பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு. இதுவும் போகட்டும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வனிதாவுக்குப் பத்தொன்பது வயது. கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண். பி.எஸ்சி. நர்சிங் முதல் வருடம். அம்மா சின்னம்மை கொழுந்து பறிக்கிறவர். மகள் லீவில் வந்தால் லைனில் உள்ள அத்தனை பேரும் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சின்னம்மை வாசலில் நின்று, “வரிசையா வாங்க, புள்ளைக்கு ஒரு கைதான்” என்று ஒழுங்குபடுத்துவார். அந்தக் குரலில் இருக்கும் பெருமையை எழுத எனக்குத் தெம்பில்லை.

அதே பெண் அம்மாவுக்குத் தெரியாமல் சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். சேர வேண்டுமென்றால் நர்சிங் கல்லூரியில் கொடுத்திருக்கும் அசல் சான்றிதழ்களைத் திருப்பி வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் வாசல் மூடிவிடும்.

3

திங்கட்கிழமை காலை மேகம் வார்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜன்னலை யாரோ சரியாகச் சாத்தவில்லை. கடைசி இரண்டு கட்டில்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அங்கிருந்து இருமல் மட்டும் வந்தது. வனிதா முதல் கட்டிலுக்கு வந்து ஏப்ரனில் குத்தியிருந்த வாட்ச்சைத் திருப்பினாள். கண்ணாடிக்குள் ஈரம் கோத்து முள் நின்றுபோயிருந்தது. வேறு கேட்கப் போனால் டியூட்டர் சுகந்தி மேடம் திட்டுவார்.

பரவாயில்லை என்று நினைத்தாள். அவளிடம்தான் இன்னொரு கடிகாரம் இருக்கிறதே. வழக்கமாகப் பாடும் வேகத்தில் எட்டு ஆவர்த்தனம் ஆதி தாளம்* போட்டால் அவளுக்கு அச்சாக ஒரு நிமிடம். ஹாஸ்டலில் பல தடவை சரிபார்த்திருக்கிறாள். அருவங்காட்டில் ஞாயிறுதோறும் போன பாட்டு வகுப்பில் எடுத்த வேகம் மாறாதவள், காலப்பிரமாணம் பிசகாதவள் என்று அவளுக்குப் பெயர்.

(* கையால் எண்ணும் எட்டு அட்சரச் சுற்று, அதாவது எட்டு எண்ணிக்கை. ஒரு சுற்று ஓர் ஆவர்த்தனம். எட்டெட்டு எவ்வளவு என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.)

வலது கை விரல்கள் நோயாளியின் மணிக்கட்டில். இடது கை ஏப்ரன் பைக்குள் தாளம் போட்டது. எட்டுச் சுற்று முடியும்வரை துடிப்பை எண்ணினாள். அறுபத்து நான்கு. அடுத்தவருக்கும் அறுபத்து நான்கு. மூன்றாம் கட்டிலில் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் அதற்குள் ஒரு சுகம் வந்துவிட்டது. மேகத்துக்குள் வார்டே மிதந்துகொண்டிருந்தது, எல்லோருடைய ரத்தமும் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க மனம் வரவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

நடந்தது இதுதான்: விரலுக்கடியில் துடிப்பு ஓட ஓட, தாளம் அதன் பின்னாலேயே போய்விட்டது. அவருக்கு வேகமென்றால் இவளுக்கும் வேகம், ஒரு துடிப்புக்கு ஓர் அட்சரம். பாட்டுக்காரிக்கு அது பழக்கம். கூடப் பாடுகிறவர் ஓடினால் விட்டுவிட்டு நிற்கவா முடியும்?

நான்காம் கட்டிலில் செல்லையா. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கேயும் தோட்டத்திலேயே உழைத்த மனிதர். காலில் வெட்டுக்காயம்.

“புள்ள, நெஞ்சுக்குள்ள படபடங்குது.”

எட்டுச் சுற்று. “அறுபத்து நாலுதாங்க தாத்தா. நல்லாத்தான் இருக்கு.”

“நீ சொன்னா சரிதான் புள்ள.”

அவர் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். (இந்த இடத்தை நான் ஒன்பது முறை திருத்தினேன். அவரை நம்பாதவராக ஆக்கிப் பார்த்தேன். முடியவில்லை, அவர் நம்பினார்.)

4

பத்து மணிக்கு சுகந்தி மேடம் வந்தார். நான் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, “மேடம், உங்க வார்டுல ஆறு பேரும் ஒரே தாளத்துல இருக்கமுங்க! அட்டையைப் பாருங்க” என்றேன். ஜோக்குக்கு யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. அட்டைகளைப் பார்த்தார். தன் வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பிடித்தார். முதல் மூவருக்கு எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்திரண்டு. செல்லையாவுக்கு நூற்று இருபத்திரண்டு. காயத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மேடம் திரும்பி வந்தபோது வனிதா சுவரோரம் நின்றிருந்தாள். எப்படி எண்ணினாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். மேடம் அவளைத் திட்டியதை எழுத மாட்டேன். திட்டி முடித்துக் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

“பாட்டுப் படிக்கச் சீட்டு வந்துருக்குன்னு ஹாஸ்டல்ல பேசிக்கறாங்க. போறதுன்னா போ கண்ணு, நான் தடுக்க மாட்டேன். ஆனா இதுக்குப் பயந்துக்கிட்டு மட்டும் போவாத.”

ஒரு பெண்ணின் தவறை ஜோக்காக்கி ஊர் கேட்கக் கத்தியவன் நான். ஓர் உயிர் தப்பியது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நான் அதற்காகக் கத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பரிகாரமாக அவளுக்கு ஒரு நல்ல முடிவை எழுதிக் கொடுக்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

5

புதன்கிழமை செல்லையா வார்டுக்குத் திரும்பினார். வனிதாவைக் கண்டதும் கையை நீட்டினார்.

“பாரு புள்ள.”

“வேற யாராச்சும் பாக்கட்டுங்க தாத்தா.”

“ஒன்னத்தானே கேக்குறேன்.”

தோழியிடம் வாட்ச்சை இரவல் வாங்கி வந்தாள். ஒரு முழு நிமிடம். இடது கையை முஷ்டியாக இறுக்கி வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

“எம்பத்தாறுங்க.”

“நல்லதா, கெட்டதா?”

“மேடத்தக் கேட்டுட்டு வந்து சொல்றேங்க தாத்தா.”

வியாழக்கிழமை நான் டிஸ்சார்ஜ். மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொன்னது நல்லதுங்க சார். சொல்லலைன்னா அந்தத் தாத்தா...” என்று நிறுத்தினாள். பிறகு, “நீங்க கதை எழுதறவருன்னாங்க. என்னைய எழுதுனா கடைசில என்னங்க சார் பண்ணுவேன்?” என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

6

முடிவு ஒன்று: அவள் போகிறாள். முதல் வகுப்பில் தாளம் போடச் சொல்கிறார்கள். கை எழும்போதெல்லாம் நூற்று இருபத்திரண்டு கேட்கிறது. அதனாலேயே அவள் பெரிய —

(பெரிய பாடகி ஆகிறாள் என்று எழுதினால் செல்லையாவின் சீழை நான் விற்கிறேன் என்று அர்த்தம்.)

முடிவு இரண்டு: அவள் தங்குகிறாள். லைனில் மணிக்கட்டுகள் நீள்கின்றன. சின்னம்மை வரிசையை ஒழுங்குபடுத்துகிறார். மகள் பாடி வெகுநாள் ஆயிற்று என்று யாரும் கவனிக்க —

முடிவு மூன்று: நர்சாகிறாள், வார்டில் பாடுகிறாள், நோயாளிகள் குணமாகிறார்கள். இதை சுகந்தி மேடம் படித்தால் எனக்குப் பெரிய ஊசியாகப் போடுவார்.

7

மூன்றையும் திரும்பப் படித்தேன். ஒன்று புலப்பட்டது. மூன்றிலும் மூச்சு விடுகிறவன் நான்தான். அந்தக் காலத்தில் பாட்டை விட்டுவிட்டு டிபன்ஸ் ஆபீஸில் சேர்ந்தவன் நான். முப்பது வருடமாக நான் எழுதிய ஆட்கள் எல்லோருக்கும் என் நாடிதான் ஓடுகிறது. வனிதா பிறர் துடிப்புக்குப் பின்னால் போய்த் தப்புச் செய்தாள். நான் எல்லோரையும் என் துடிப்புக்குப் பின்னால் இழுத்தேன். அவள் தவறு ஒரே காலையில் பிடிபட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன தேதி தாண்டிவிட்டது, நான் போகவில்லை. போனால் என் மணிக்கட்டைப் பிடிப்பது அவளா, வேறொருத்தியா என்று தெரிந்துவிடும். தெரிந்தால் உடனே காரணம் எழுத ஆரம்பித்துவிடுவேன்.

அவளுடைய அட்டை இதோ. நீங்கள் எழுதுங்கள். ஆனால் ஒரு முழு நிமிடம் பிடித்திருந்துவிட்டு எழுதுங்கள். இடது கை சும்மா இருக்கட்டும்.

வனிதா, 19, கீழ் கோத்தகிரி.
வெள்ளிக்கிழமை காலை.
நாடி: