திரைக்கு அந்தப் பக்கம் மாமியார்

கிவும்பி மூன்று நாளாக ஓடியாடி வீட்டை ஒழுங்கு செய்தான். மசாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி நஸுனா வரப்போகிறாள். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். ஆறு வாரத்துக்கு அந்தப் பக்கத்துக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா வருவதாகச் சொன்னதும் கிவும்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கவலையும் வந்தது.

வராதா பின்னே? மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் நிற்கவே கூசுகிற ஜனங்கள் இவர்கள். ஒருவர் கை ஒருவர்மேல் பட்டால் ஒபுகோ வரும், சாகும்வரை கைகால் நடுங்கும் என்பார்கள். கிவும்பியின் பெரியப்பா அப்படி நடுங்கித்தான் செத்தார். அதனால் மனுஷன் என்ன செய்தான்? வீட்டுக்குக் குறுக்கே தடித்த திரை கட்டினான். பின்சுவரை இடித்து மாமியாருக்கென்று தனி வாசல் வைத்தான். அவர் திரைக்கு இந்தப் பக்கம் வந்தால் இவன் வாழைத்தோட்டத்துக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டான். இத்தனையும் யோசித்தவன், அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டுமே என்பதை யோசிக்கவில்லை. விவரங்கெட்ட மனுஷன்.

மகளும் அம்மாவும் வந்த மறுநாள் காலையிலேயே அது தெரிந்துபோயிற்று. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது நஸுனா சரிந்தாள். அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டான். தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பக்கத்து வீட்டில் எல்லாரும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள்.

"கால் தரையில படுதுங்க," என்று நஸுனா அழுதாள்.

"என்ன மாப்பிள்ளை அங்க சத்தம்?" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க வராதீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா எம் பொண்ணு இப்படிக் கத்துறா?"

திரை விலகியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்த மாமியார் குனிந்து மகளின் தொடைக்கடியில் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். அவள் முதுகுக்கடியில் இருவர் கையும் அழுந்தப் பட்டுக்கொண்டன. நஸுனா வலியில் கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

மாமியார் திரைக்கு அப்பால் போய் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார்.

"ஒண்ணும் ஆகாது அத்தை," என்றான் கிவும்பி. குரலில் தெம்பில்லை.

"ஆகுமோ ஆகாதோ, யாரு கண்டா? நான் இருந்தா இன்னைக்குப் பட்டது நாளைக்கும் படும். அவளுக்குன்னு இருக்கிறது உங்க ரெண்டு கைதான். அதுவும் நடுங்கிப்போனா எம் பொண்ண யாரு பிடிப்பா, சொல்லுங்க?"

அவனுக்கு இருங்கள் என்று சொல்லப் பயம், போங்கள் என்று சொல்லவும் பயம். மாமியார் வாழைக்காயை வேகவைத்து இலையால் மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே மகளிடம் சொல்லாமல் போனார்.

மத்தியானம் நஸுனா கூப்பிட்டாள். "திரும்பவும் நாற்காலில உக்காரணுங்க. அம்மாவையும் வரச் சொல்லுங்க. அவங்க பிடிச்சா வலி கம்மியா இருக்கு."

கிவும்பி கட்டிலருகே குனிந்து அவள் அக்குளில் கைகொடுத்தான்.

"அம்மா வர்றாங்களா?"

"வர்றாங்க," என்றான்.