அடியெடுத்துக் கொடுத்தவர்

சன்னல் கொக்கியில் கை வைத்தவளை, "திறக்காதே" என்ற குரல் நிறுத்தியது.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மாமனார் கண்ணை மூடியபடியேதான் கிடந்தார். இரண்டு நாளாக ஒரு வார்த்தை பேசாதவர். காலையில் டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று போயிருந்தார்.

"வெளிச்சம் கண்ணு கூசுதா மாமா? சரி, திறக்கல."

ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டை நனைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து உதடு மறுபடி அசைந்தது.

"இந்த வேளையில் யார்?"

"நான்தான் மாமா."

"விளக்கைத் தணி."

நல்ல பகல். விளக்கு எதுவும் எரியவில்லை. இவர் நம்மிடம் பேசவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. 'வேளையில்', 'தணி' என்றெல்லாம் அந்த வீட்டில் யார் பேசுகிறார்கள்? குரலும் புதிதாக இருந்தது. வெறும் கிசுகிசுப்புதான். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தது.

கணவன் முற்றத்தில் போனும் கையுமாக நின்றிருந்தான். அண்ணன் ஏறிய ரயில் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் உள்ளே வந்து அப்பாவின் வாயருகே குனிந்தான்.

"நாடகம்" என்றான். "ஏதோ நாடகத்துக்கு எடுத்துக் குடுத்துட்டு இருக்காரு. எதுன்னு எனக்குத் தெரியல. பிடில் மாமாவுக்குத் தெரியும்."

பாட்டு நாடகம் போட்ட ஒரு கொட்டகையில் மாமனார் வேலை பார்த்தார் என்பது அவளுக்குத் தெரியும். நடிகர்கள் வசனமோ பாட்டோ மறந்தால் அடியெடுத்துக் கொடுக்கிற வேலை. அவள் கல்யாணமாகி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பேச்சில் யாராவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் போதும், அதை எடுத்து நீட்டிவிடுவார். கல்யாணப் பேச்சு நடந்த அன்று அவளுடைய அப்பா, "எங்களால பெருசா ஒண்ணும்..." என்று இழுக்க, "செய்ய முடியாது" என்று முடித்து வைத்தவர் இவர். அவளுடைய அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

அதே கொட்டகையில் வாசித்த பிடில்காரர் அடுத்த தெருதான். குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். நண்பரின் முகத்தைப் பார்க்கவில்லை. காதை மட்டும் சாய்த்துக் கொடுத்தார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "அலை ஓய்ந்தாலும்" என்றார் மாமனார்.

"கப்பல்காரன்" என்றார் பிடில்காரர் உடனே. "கடலுக்குப் போனவன் பல வருஷம் கழிச்சுத் திரும்பி வர்றான். வீட்டுல யாருக்கும் அடையாளம் தெரியல. எங்க கொட்டகையில அதிகமா ஓடுன நாடகம் அதுதான்."

"அந்தக் கொட்டகை எங்க இருந்துச்சு ஐயா?"

"தினமும் அங்கதானேம்மா வண்டி விடுற."

அவள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு எதிரே இருக்கிற வண்டி நிறுத்துமிடத்தைச் சொல்கிறார். அவளுக்கு நம்ப முடியவில்லை. "ஸ்டாண்ட் போட்டாலும் அங்க வண்டி முன்னாடியே ஓடுது. தரையை ஒழுங்காப் போடலன்னு டோக்கன் குடுக்கறவரைத் திட்டிட்டு இருக்கேன்."

"ஒழுங்காத்தான் போட்டாங்க. பின்னாடி உக்காந்தவனுக்கும் மேடை தெரியணும்ல? அந்தச் சரிவும்மா அது." பிடில்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மரக்கடைக்காரர் ஒருத்தர் கட்டினாரு. மனுஷனுக்குப் பாட்டுன்னா உயிரு. குரலு மட்டும் அவர் கடை ரம்பம் மாதிரி. நம்மால பாட முடியல, பாடுறவங்களுக்கு ஒரு இடமாவது இருக்கட்டும்னு கட்டினாரு. நடுவுல ஒரு தடவை தீப்பிடிச்சுக் கூரை போச்சு. தகரம் போட்டாங்க. மழை பேஞ்சா நான் வாசிக்கறது எனக்கே கேக்காது. அப்பக்கூட இவர் நிறுத்த மாட்டாரு. மேடையில நிக்கறவங்க இவர் உதட்டைப் பாத்தே பாடி முடிச்சிருவாங்க. அப்புறம் மேடைக்கு முன்னாடி திரையைக் கட்டி சினிமா ஓட்டினாங்க. அதுவும் நின்னுபோய் உர மூட்டை அடுக்கினாங்க. இப்ப உன் வண்டி."

"இவர் எங்க உக்காருவாரு?"

"மேடை விளிம்புல, நடுவுல ஒரு பொந்து இருக்குமே."

டோக்கன் கொடுப்பவர் சாப்பாட்டுப் பையை வைக்கிற அரைவட்டப் பொந்து. ஒரு ஆள் எப்படி அதற்குள் உட்கார முடியும் என்று அவள் கட்டிலில் கிடந்த உடம்பைப் பார்த்தாள். தோள் குறுகலாகத்தான் இருந்தது.

"கீழ பள்ளம் வெட்டி ஸ்டூல் போட்டிருந்தாங்க. தலை மட்டும்தான் மேல. அதுவும் மேடையில நிக்கறவங்களுக்குத்தான் தெரியும். சனங்க பக்கம் மறைப்பா ஒரு பெட்டி. கீழ உக்காந்து வாசிக்கற எங்களுக்கு அந்தப் பெட்டியோட முதுகுதான்."

"கையை விடு" என்றார் மாமனார். மறுபடி அமைதி.

"ஏன் விட்டு விட்டுச் சொல்றாரு?"

"தடுமாறினாத்தானே குடுக்கணும்? பேசாம இருந்தாருன்னா, மேடையில எல்லாம் ஒழுங்காப் போகுதுன்னு அர்த்தம்." பிடில்காரரின் ஆள்காட்டி விரல் முழங்காலில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு நடக்கிறது போலும்.

கணவன் கதவோரம் நின்றிருந்தான். "அண்ணன் நடிச்சது இதுலதான மாமா?"

"ஆமா" என்றார் அவர், கொஞ்சம் தயங்கி.

இந்தக் கதை அவளுக்குப் புதிது. கேட்கக் கேட்கச் சொன்னார்கள். கப்பல்காரனின் மகனாக நடிக்கிற பையனுக்கு ஒருநாள் அம்மை போட்டுவிட்டது. அப்போது சிறுவனாக இருந்த மாமனாரின் மூத்த மகனுக்கு வேஷம் கட்டினார்கள். கதவைத் திறந்து ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். திறந்தான், மறந்துவிட்டான். பெட்டியில் இருந்த அப்பாவைப் பார்த்தான். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. கொட்டகையே சிரித்தது. கப்பல்காரனாக நடித்தவர் ஏதேதோ பேசி ஒப்பேற்றினார். அதற்குப் பிறகு பெரியவன் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வளர்ந்து வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். வருவான், பழமும் மருந்தும் வாங்கி வருவான், டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடுவான்.

"ஏன் குடுக்கல?"

"நான் பாத்தது பெட்டி முதுகும்மா" என்றார் பிடில்காரர். "கேட்டும் பாத்தேன். வேற பேச்சுக்குப் போயிட்டாரு."

பெரியவன் வந்தபோது மதியம் ஆகியிருந்தது. தோள்பையைக் கழற்றாமலே கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"வாங்க அத்தான். தண்ணி தரட்டுமா?"

"இருக்கட்டும்மா. நினைவு இருக்கா?"

"பேசறாரு" என்றான் தம்பி. "நம்மகிட்ட இல்லண்ணே."

என்ன நடக்கிறது என்று பிடில்காரர் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். நாடகத்தின் பெயரைக் கேட்டதும் பெரியவன் பையை இறக்கிவைத்தான். அதன் வாரை ஒழுங்காகச் சுருட்டினான். பிறகு சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"எது வரைக்கும் வந்திருக்கு?"

"கரை இறங்கிட்டான். வீட்டுக்கு வந்துட்டு இருக்கான்."

நான்கு பேரும் காத்திருந்தார்கள். தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். "கதவண்டை நிழல்" என்றார் மாமனார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு வாய் தண்ணீர்."

மருமகளின் கை தானாக ஸ்பூனுக்குப் போனது. அதுவும் வசனம்தான் என்று பிடில்காரர் தலையசைத்துத் தடுத்தார். முழங்காலில் இருந்த அவர் விரல் நின்றுவிட்டது. பெரியவன் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமனாரின் உதடு லேசாகப் பிரிந்தது. சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும் போய் வந்தது.

பிறகு, "உனக்கு என்ன வயது?" என்றார்.

பிடில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது கப்பல்காரன் வசனம். பையன் வசனத்துக்கு அடுத்தது." பெரியவன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லிட்டப்பா."

"என்னது?"

"உன் வசனத்தை. மறக்கல நீ. அவர் குடுக்க வேண்டியே வரல."

பெரியவன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். குழாய்த் தண்ணீர் வெகு நேரம் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கும்தான் அவர் எடுத்துக் கொடுக்கவில்லையே, இன்றைக்கும் பையன் மறந்து, இவர் பேசாமல் இருந்திருந்தால்? மருமகளுக்கு அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. பிடில்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்பது போல் கண்ணை மூடித் திறந்தார்.

முகம் கழுவிக்கொண்டு வந்த பெரியவன் டிரங்குப் பெட்டிமேல் உட்காரவில்லை. கட்டில் விளிம்பில், அப்பாவின் இடுப்போரம் இடம் பண்ணி உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு மாமனார் எதுவும் சொல்லவில்லை. பிடில்காரரின் விரல் மறுபடி தாளத்தை எடுத்தது. "எல்லாரும் நல்லா பண்றாங்க" என்று ஒருமுறை முணுமுணுத்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே இடைவெளி நீண்டது. ஒவ்வொரு முறையும் தம்பி ஓரடி முன்னால் வந்தான். மார்பு அசைந்ததும் பின்னால் போனான்.

கதவு வழியே விழுந்த வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறியபோது விரல் நின்றது.

"முடிஞ்சுதா மாமா?" என்றான் தம்பி.

"பாட்டு முடிஞ்சுது."

பெரியவன் குனிந்து அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தான். எடுக்கவில்லை, வைத்தபடியே இருந்தான். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அக்கம்பக்கம் சொல்ல வேண்டும். அடுத்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. முதலில் எழுந்திருக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.