வலைக்கு அந்தப் பக்கம்

கறுப்புச் சாயத்தை வாளியோடு கொண்டுவந்து ஊற்றியது போலிருந்த அந்தப் படத்தின் முன்னால் எமிலியா வெகுநேரமாக நின்றாள். படம் விளங்கித்தான் நிற்கிறாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த மண்டபத்தில் அதுதான் கடைசிப் படம். அதைவிட்டு நகர்ந்தால் வாசல், வாசலுக்கு வெளியே சிபானா. சிபானாவின் வாயில் காலையிலிருந்து ஒரே பேச்சுத்தான்: "இனி ஷானிகாட இடத்துக்குப் போவோம்." அதற்குப் பயந்துதான் எமிலியா கறுப்புச் சாயத்தை அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் வரைந்த தாடிக்காரர் தனக்கும் ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று பக்கத்தில் வந்து, மனிதனின் தனிமையைப் பற்றிச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். எமிலியா எல்லாவற்றுக்கும், நல்லது என்ற அர்த்தத்தில், "ஹொந்தய், ஹொந்தய்" என்று தலையாட்டினாள்.

அந்தக் கிழமை கொழும்பு முழுக்கச் சித்திரக் கண்காட்சிதான். மரநிழல் தெருவில் ஒன்று, பெரிய ஹோட்டலில் ஒன்று, பழைய பண்டசாலையில் ஒன்று என்று ஊரே படமாகக் கிடந்தது. கற்பிட்டியில் துணிக்கடை வைத்திருக்கும் சிபானா, அவள் கடைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் எமிலியா, மாம்புரியில் பாலர் பள்ளி நடத்தும் கத்தரினா, மூன்று பேரும் பஸ் ஏறி வந்து தெமட்டகொடையில் சிபானாவின் தங்கச்சி வீட்டில் இறங்கியிருந்தார்கள். யுத்த காலத்தில் அந்தப் பாதையில் சோதனைச் சாவடிக்குச் சாவடி பையைத் திறந்து காட்டியே பாதி நாள் போய்விடும். இப்போது சாவடி இருந்த இடத்தில் இளநீர் விற்கிறார்கள். வழி இவ்வளவு சுருங்கிப்போனது எமிலியாவுக்குத்தான் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நல்லது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

காரணம் அவள் மகள். ஒரே மகள். கொழும்பில் சித்திரம் படித்து அங்கேயே தங்கிவிட்டவள். போன மாதம் தொலைபேசியில் ஷானிகா சொன்னாள்: "இந்த முறை பப்பாவப் பத்தித்தான் செஞ்சிருக்கேன் அம்மா. வந்து பாருங்க. இப்ப ஒண்டும் கேக்காதீங்க."

பப்பாவைப் பற்றி உலகத்துக்குக் காட்ட என்ன இருக்கிறது? எமிலியாவுக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. அவள் புருசன் நிக்கொலஸ் கடலில் வலை போடுகிற நல்ல மீன்காரன், நல்ல குடிகாரனாகவும் இருந்தான். ஷானிகா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாளில், கோயிலால் வந்த சனமெல்லாம் முற்றத்துப் பந்தலுக்குள் இருக்கும்போது, யாரோ என்னவோ சொல்லிவிட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையை இரண்டு கையாலும் தூக்கிப் புரட்டிவிட்டான். கேக்கும் பாணும் இறைச்சிக் கறியும் மண்ணில். வெள்ளைச் சட்டையோடு பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. சனம் தலையைக் குனிந்துகொண்டு எழும்பிப் போனது. பிறகு தலவில் அன்னம்மா கோயிலில் நேர்ந்துகொண்டு குடியை விட்டான், விட்டது விட்டதுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஊரும் மரியாதைக்கு மறந்தது போல இருந்துகொண்டது. இப்போது அதைக் கொழும்புச் சனம் டிக்கட் எடுத்துப் பார்க்கப்போகிறதோ என்றுதான் எமிலியாவுக்குப் பயம்.

நிக்கொலஸுக்கு அதைவிடப் பயம். மாம்புரிச் சந்தியில் அவளுடைய பையைப் பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கீழே நின்று சொன்னான்: "என்னத்தக் கீறி வெச்சிருக்காண்டு பாத்துட்டுச் சொல்லு. மறைக்காத." பஸ் எடுத்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றான். பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஆகவே எமிலியா கண்காட்சி பார்த்தாள். ஆசையோடு பார்ப்பவர்கள்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹோட்டல் மண்டபத்தில் தகரத்தில் செய்த யானையைச் சுற்றி வந்தாள். தெருக் கண்காட்சியில் வெயிலுக்குள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினாள். கத்தரினா கண்ட ஓவியர்களிடமெல்லாம் "இது என்ன தம்பி?" என்று பாலர் பள்ளிக் குரலில் கேட்டு, அவர்கள் சொன்ன பதிலைத் திருத்தியும் கொடுத்தாள். சிபானா ஒரு பெரிய கடல் படத்தைச் சீத்தைத் துணி போல விரலால் தடவிப் பார்த்து விலை பேசினாள். "சாயம் போகுமா?" என்று வேறு கேட்டாள். வரைந்த பெண் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பின்னேரம் கால் வீங்கித் தெமட்டகொடைக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது நிக்கொலஸின் தொலைபேசி வரும்.

"பாத்தியா?"

"இண்டைக்கு ஏலாமப் போச்சு. நாளைக்கு."

"சரி," என்பான். வைக்க மாட்டான். கடைசியில் எமிலியாதான் வைப்பாள்.

கறுப்புச் சாயப் படத்திலிருந்து எமிலியாவைக் கையில் பிடித்துக் கழற்றிக்கொண்டு வந்தது சிபானாதான். "இஞ்ச பாரு புள்ள, ஒளிக்கிறதுக்கு இனி இந்த ஊருல படம் மிச்சமில்ல. அது உன்ட புள்ள. என்ன செஞ்சிருந்தாலும் உன்ட புள்ளதானே. நட."

பண்டசாலை துறைமுகப் பக்கம் இருந்தது. உயர்ந்த கூரை, குளிர்ந்த சீமெந்துத் தரை, பழைய தேயிலை வாசம். ஷானிகாவின் இடம் பின்பக்கத்து நீண்ட அறை. மூன்று பேரும் வாசலுக்கு வந்து, மூன்று பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

தரை முழுக்க வலை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், ஓரத்தில் ஒரு பாதம் வைக்க இடமில்லாமல், ஒரு வலை விரித்துக் கிடந்தது. அந்தப் பக்கத்துச் சுவரில் வரிசையாகப் படங்கள். சனம் வலைக்கு மேலால் நடந்துதான் படத்துக்குப் போனது. சப்பாத்தோடு போனது, குதிச்செருப்போடு போனது, ஒரு வெள்ளைக்காரி கண்ணியில் குதி சிக்கி, சிரித்துக்கொண்டே உதறிவிட்டுப் போனாள். எமிலியா குனிந்து பார்த்தாள். வெள்ளை நூல் முடிந்த நாளில் நிக்கொலஸ் நீல நூலால் கிழிசலைப் பொத்திய இடம் அப்படியே இருந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பழைய வலை. பிள்ளை கேட்டது என்று அவள்தான் சாக்கில் கட்டி பஸ்ஸில் அனுப்பினாள்.

பழையதோ புதியதோ, வலை வலைதான். பெண்பிள்ளை தாண்டினால் அந்த வலைக்காரனுக்கு மீன் படாது. இதை எமிலியாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக ஞாபகமில்லை. மூச்சு விடுவதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லையே, அப்படித்தான். கடற்கரையில் வலை கிடந்தால் சுற்றிப் போவாள், சுற்ற வழியில்லாவிட்டால் காத்து நிற்பாள். இப்போதும் காத்து நின்றாள். கண்ணாடியும் கொண்டு வரவில்லை. அந்தப் பக்கத்துப் படங்கள் கரிக்கோடுகளாகத்தான் தெரிந்தன. ஒன்றில் மேசை போல ஏதோ இருந்தது. கத்தரினாவைப் பார்த்தாள், அவளும் மீன்காரன் பெண்சாதி, சீலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிபானாவைப் பார்த்தாள். "என்னப் பாக்காத. என்ட வாப்பா சாகும் வரைக்கும் கருவாட்டு ஏவாரம், நானும் வலையத் தாண்ட மாட்டேன்," என்றாள் சிபானா.

ஷானிகா அவர்களைக் கண்டுவிட்டு அறையின் நடுவிலிருந்து கையசைத்தாள். மெலிந்திருந்தாள். "அம்மா! எத்தின நாளாப் பாத்துக்கொண்டு இரிக்கேன். வாங்களேன்."

"எப்பிடி வாற?"

"நடந்துதான். நடக்கத்தானே போட்டிருக்கு."

எமிலியா சத்தம் போடவில்லை. "பப்பா இன்னும் கடலுக்குப் போறாரு மகள்," என்றாள்.

ஷானிகா சிரித்தபடியே தாயைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். செருப்போடு நடு வலையில் நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. இத்தனை நாளும் காலையிலிருந்து மாலை வரை அதன் மேல்தான் போய்வந்துகொண்டிருந்தாள். படிப்பில், கொழும்பில், நல்ல பெயரில் எங்கேயோ அந்த வழக்கம் நழுவிப் போயிருந்தது. "மறந்தே போனேன் அம்மா," என்றாள், பிடிபட்ட சிறுபிள்ளை போல. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலால் கரைக்கு வந்தாள். வந்து, குனிந்து, வலையை அள்ளத் தொடங்கினாள்.

கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்த பெண் ஒருத்தி ஓடிவந்து, கண்காட்சி முடியவில்லையே, என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் பதறினாள். ஷானிகா நிமிரவில்லை. மிதப்புக்கட்டை கோத்த பக்கத்தை அவள் மடித்து மடித்துத் தோளில் போட, எமிலியா கேட்காமலே ஈயக்குண்டு கோத்த பக்கத்தைப் பிடித்தாள். தாயும் மகளும் அறையின் நீளத்துக்கு நடந்தார்கள். தரை வெளித்துக்கொண்டே வந்தது, கடைசியில் வலை முழுக்க ஷானிகாவின் தோளில் ஏறியது. கத்தரினா இதுதான் கண்காட்சி என்று நினைத்த இரண்டு பேரை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒதுக்கிவிட்டாள்.

இப்போது எமிலியா படங்களுக்கு முன்னால் நின்றாள்.

முதல் படத்தில் பந்தல். அடுத்ததில் மேசை, கால்கள் நாலும் வானத்தைப் பார்த்தபடி. பயந்தது வந்தேவிட்டது. கடைசிப் படம் பெரியது. சனம் போன முற்றம். ஒருவன் தனியாகக் குந்தியிருக்கிறான். மண்ணில் கிடந்த கேக்கைத் துண்டு துண்டாகப் பொறுக்குகிறான். ஒரு துண்டை ஊதுகிறான், மண் போகவில்லை, வாயில் வைத்திருக்கிறான். கன்னம் நனைந்திருந்தது. முதுகு நிக்கொலஸின் முதுகு. எமிலியாவுக்கு அது தெரியாதா? ஆனால் இந்த நிக்கொலஸை அவள் கண்டதில்லை. அந்த நேரம் அவள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீ நித்திரை எண்டெல்லோ நினைச்சேன்."

"யன்னலால பாத்துக்கொண்டு நிண்டேன். முழுக்கச் சாப்பிட்டாரு அம்மா. மண்ணோட."

"ஏன் மகள் இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"அந்த நாளப் பத்தி யாரு நம்ம வீட்டுல கதைச்ச?"

எமிலியா பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டாள். உடம்பெல்லாம் லேசாகிப்போனது. அத்தனை வருடமும் அவள் நெஞ்சில் கட்டிக் கிடந்தது மேசையைப் புரட்டிய மனுசன்தான். குடியை விட்ட பிறகும், பக்கத்தில் படுத்திருந்தபோதும் அவன்தான். அவனுக்குப் பிறகு வந்த மனுசனை இப்போதுதான் பிள்ளை கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். சிபானா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கரி எண்டா சாயம் போகாது," என்றாள்.

தொலைபேசி அடித்தது. இன்றைக்குப் பின்னேரம்வரை அவனால் பொறுக்க முடியவில்லை போல.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்த நாள் இரிக்கா?"

"இரிக்கி."

எமிலியா சொன்னாள்: "மேசை சின்னப் படம். பெரிய படத்துல நீங்க மண்ணுல கிடந்த கேக்க எடுத்துச் சாப்பிடுறீங்க. ஒரு ஆளும் இல்ல. நீங்க மட்டுந்தான்."

நிக்கொலஸ் கேட்டான், குரல் எங்கேயோ அடியிலிருந்து வந்தது.

"அவ பாத்தாளா?"

"பாத்தாளாம்."

இருமினான். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கொழும்பு பஸ் ஓடுமா?"

"நம்மட ஊரு பஸ்ஸ என்னட்டக் கேக்கிறீங்களா?"

"சரி. அவளுக்கு என்ன கொண்டு வாற?"

"அத அவகிட்டயே கேளுங்க," என்று எமிலியா எழுந்தாள். ஷானிகாவின் இரண்டு கையும் தோளும் வலையால் நிறைந்திருந்தன. எங்கே வைப்பதென்று தெரியாமல் அறையின் நடுவில் நின்றாள். எமிலியா தொலைபேசியை அவள் காதில் வைத்துப் பிடித்தாள். மகள் தாயைவிட ஒரு முழம் உயரம், கையை நன்றாகத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஷானிகா "பப்பா" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் தோள் குலுங்கும்போதெல்லாம் தொங்கிய ஈயக்குண்டுகள் சீமெந்தில் பட்டுச் சத்தம் எழுப்பின. எமிலியாவுக்குக் கை கடுத்தது. இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.