வீட்டுக்கு வைத்த தக்காளி

ஜான்சிக்கு எதையும் கேள்வி கேட்காமல் வாங்கத் தெரியாது. ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்தால், எந்தப் பாத்தியில் அறுத்தது, எப்போது அறுத்தது, அறுத்த ஆள் முகம் கழுவினாரா என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள். விடியற்காலையில் பொம்மையார்பாளையத்திலிருந்து குட்டியானைச் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு மரக்காணம் வரை போவாள். வழியில் இருக்கும் சின்னச் சின்னக் கொல்லைக்காரர்களிடம் அன்றைக்குப் பறித்ததை வாங்கி, குயிலாப்பாளையத்து விடுதிச் சமையலறைகளுக்கும் தெரிந்த சில வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பாள். தையில் அவரை, மாசியில் தக்காளி, பங்குனியில் தர்பூசணி. மண்டியில் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் மண்டிக்காரன் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டான், அதனால்தான் இவள் அந்தப் பக்கமே போவதில்லை என்று அவள் புருஷன் சொல்லிக்கொண்டு திரிவான். அது முழுப் பொய் இல்லை.

இப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தவித்த கதை இது.

மரக்காணத்தில் உப்பளம் தொடங்குகிற இடத்துக்கு முந்தின கொல்லை தனகோடியுடையது. ஒரு மாசி மாதக் காலையில் ஜான்சி அங்கே போனபோது தனகோடி வீட்டில் இல்லை. மகன் செந்தமிழுக்குப் பெண் பார்க்கப் பெருமுக்கல் போயிருந்தாள். அவள் புருஷன் அரசப்பன் மட்டும் இருந்தார். அவர் வாயிலிருந்து வார்த்தை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சமையலறை ஓரத்தில் இருந்த ஒரு கூடைத் தக்காளியை அப்படியே தூக்கிக் கொடுத்தார். பழங்கள் எலுமிச்சை அளவுதான் இருந்தன. தோலில் கோடு கோடாகத் தழும்பு வேறு. ஜான்சி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினாள்.

வரும் வழியில் பசித்தது. ஒரு பழத்தைத் துடைத்து வாயில் போட்டவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். முதலில் இனித்தது. பின்னால் புளிப்பு வந்தது. கடைசியில், கொதித்துச் சுண்டின குழம்பில் நிற்குமே ஒரு கனமான ருசி, அதுவும் வந்தது. இன்னொன்று தின்று பார்த்தாள். அதுவும் அப்படியே. மறுநாள் விடுதிச் சமையல்காரர் சாலமன் போன் செய்தார்.

"ஜான்சி, அந்தத் தக்காளிய எங்க புடிச்ச? ரசத்த டம்ளர்ல வாங்கி வாங்கிக் குடிக்கிறாங்க. சோறு அப்படியே மிஞ்சிப் போச்சு."

அடுத்த வாரம் தனகோடி வீட்டில் இருந்தாள். உள்ளங்கை நிறைகிற அளவில், பளபளவென்று இருந்த பழங்களைக் கூடையில் அடுக்கி வைத்திருந்தாள்.

"போன வாரம் அண்ணன் குடுத்தாரே, அந்தச் சின்னப் பழம் குடுங்கக்கா" என்றாள் ஜான்சி.

தனகோடி திரும்பிப் புருஷனை ஒரு முறை முறைத்தாள். "அது வீட்டுக்கு வெச்சதும்மா. இந்த மனுஷன் அதப் போயி உனுக்குத் தூக்கிக் குடுத்திருக்காரு. நீ இத எடுத்துனு போ."

அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரர்களின் வழக்கம் அது. நேரானது, பெரியது, பார்வைக்கு லட்சணமானது எல்லாம் வெளியாளுக்கு. கோணல், சொத்தை, பொடி எல்லாம் வீட்டு அடுப்புக்கு. மட்டமானதை அடுத்தவர் கையில் கொடுத்தால் குடும்பத்துக்கே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பார்கள். ஜான்சி எவ்வளவு கெஞ்சியும் தனகோடி மசியவில்லை. பெரிய பழம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தின்றால் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. "இது அது இல்ல" என்று சாலமன் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஜான்சிக்குத் தூக்கம் போனது. ஒரே கொல்லை, ஒரே மண், ஒரே குடும்பம், இரண்டு தக்காளிக்கு ஏன் இரண்டு ருசி? விதை வேறா? உரம் வேறா? வீட்டுக்கு வைத்ததைத் தர ஏன் அந்தம்மாவுக்கு அவ்வளவு பதற்றம்? தன் வேலை உண்டு தான் உண்டு என்று இருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அவள் பெயர் ஜான்சி இல்லை.

வழக்கமான நாள் அல்லாத ஒரு நாளில், வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கொல்லையின் பின்பக்க வரப்பு வழியாக நடந்தாள். சவுக்கு வரிசைக்கு அந்தப் புறம், உப்பளத்தை ஒட்டின பள்ளத்தில், நாலைந்து பாத்தித் தக்காளி இருந்தது. குட்டைச் செடிகள். இலையின் ஓரமெல்லாம் கருகி இருந்தது. பாத்தியின் விளிம்பில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. காயும் பழமுமாகச் செடி கொள்ளாமல் தொங்கின. அத்தனையும் பொடிப் பழம். பக்கத்தில் கிணறு. கிணற்றிலிருந்து பாத்திக்கு வந்த குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஜான்சி குனிந்து ஒரு கை பிடித்துக் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள். உப்பு.

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. செடிக்குத் தாகம் தீர்வதில்லை. பழம் பெருக்கவில்லை. பெருக்காததால் இருக்கிற ருசி எல்லாம் உள்ளேயே சுண்டி நிற்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிமிர்ந்தால், எதிரே தனகோடி நின்றுகொண்டிருந்தாள்.

தனகோடி திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் ஜான்சிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு வருஷம் முன்னாடி அந்தப் பெரிய மழைக்கு உப்பளத்துத் தண்ணி ஏறிக் கெணத்துல எறங்கிடுச்சு. அதோட போச்சு. மேட்டுக் கொல்லைக்குப் பக்கத்துக்காரர் போர்லேர்ந்து தண்ணி வாங்கி உடறோம். அந்தப் பெரிய பழம் அதுல வெளஞ்சது. இது நம்ம கெணத்துல வெளஞ்சது. இத எந்த மூஞ்சிய வெச்சிக்கினு விக்கிறது?"

"அக்கா, இதுதாங்க ருசி."

"ருசி கெடக்கட்டும். பெருமுக்கல்ல பொண்ணு புடிச்சிருக்குது. அவங்களுக்கும் பையனப் புடிச்சிருக்குது. வர்ற ஞாயித்துக்கெழம வீடு பாக்க வர்றாங்க. உப்புத்தண்ணிக் கெணறுன்னு தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா? ஏற்கெனவே ரெண்டு எடம் இதனாலயே தட்டிப் போச்சு. எம்மவனுக்கு முப்பத்திரண்டு ஆவுது, ஜான்சி."

ஜான்சிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. உப்புத்தண்ணி வீட்டில் பெண்ணைக் கொடுத்தால், நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கியே அவள் இடுப்பு ஒடிந்துவிடும் என்று பேசிப் பேசியே வரன்களைத் தட்டிக்கழிக்கிற ஊர்கள் அவை. அவளுக்கு அது தெரியாதா என்ன? "மாதா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா" என்றாள். தனகோடி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நம்பாமல் பார்த்தாள். பிறகு, ஊர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு கூடைப் பொடிப் பழத்தையும் கொடுத்தாள்.

அந்த வாரம் ஜான்சி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. போகிற இடமெல்லாம் "எந்த ஊர்த் தக்காளி இது?" என்ற கேள்விதான். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவளை இப்போது ஊரே கேள்வி கேட்டது. சாலமன் இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டார். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

சனிக்கிழமை தனகோடியே போன் செய்தாள். "நாளைக்குக் காலையில வந்துடும்மா. உனுக்குத்தான் பேச்சு நல்லா வரும். அவங்க பின்பக்கம் போவாம வாசல்லயே பேச்சு குடுத்துட்டு இரு." தன் வாய்க்கு முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்ததில் ஜான்சிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்கிற வேலை அவளுக்குப் பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா தையல்நாயகியும், அவள் தம்பி அய்யனாரும் வந்தார்கள். தனகோடி சமைத்து முடித்து இலையும் நறுக்கி வைத்திருந்தாள். ஆனால் வந்தவர்கள் காபிகூட வாங்கவில்லை. சம்பந்தம் பேசி முடியாமல் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்குவது அசிங்கம்.

ஜான்சி வேலையை ஆரம்பித்தாள். பெருமுக்கல்லில் மழை எப்படி, மலைக்கோயிலுக்கு எத்தனை படி, கடலை போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். தையல்நாயகி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பதிலுக்கு இரண்டு கேட்டாள். மாடு எத்தனை? வீடு எப்போது கட்டினது? பையனுக்குக் கோபம் வருமா? ஜான்சிக்கு வியர்த்தது. தன்னைப் போல் ஒருத்தி பெருமுக்கல்லிலும் இருப்பாள் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"உக்காந்தே இருந்தா கால் மரத்துப்பூடுது. கொல்லையப் பாத்துட்டு வரலாம் வா" என்று தையல்நாயகி எழுந்தாள். மேட்டுக் கொல்லையைக் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிடலாம் என்று ஜான்சி முன்னால் ஓடினாள். தையல்நாயகி நேராகச் சவுக்கு வரிசையைத் தாண்டிவிட்டாள். அய்யனாரும் பின்னாலேயே போனார்.

கொல்லையில் வேலை செய்து பழகினவர்களுக்குச் செடியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தையல்நாயகி பேசிக்கொண்டே ஒரு பழத்தைப் பறித்தாள், முந்தானையில் துடைத்தாள், வாயில் போட்டாள். பேச்சு நின்றது. இன்னொன்றையும் பறித்துத் தின்றாள்.

"இன்னாம்மா இது? இந்த மாதிரி நான் தின்னதே இல்ல. இன்னா வெதை?"

"சாதா வெதைதாங்க."

"இன்னா ஒரம் போடறாங்க?"

"மாட்டு எருதாங்க."

"அப்ப தண்ணியா? இந்தக் கெணத்துத் தண்ணி எப்படி?"

அதுவரை எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த ஜான்சி வாயைத் திறந்தாள், மூடினாள். பொய் சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை. உண்மையைச் சொன்னால் செந்தமிழின் வாழ்க்கை, போதாததற்கு மாதா மேல் சத்தியம். இத்தனை வருஷமாகத் தான் கேட்ட கேள்விகளால் எத்தனை பேர் இப்படித் திண்டாடியிருப்பார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உப்புங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தனகோடி. அவள் பின்னால் அரசப்பனும் செந்தமிழும் நின்றார்கள். "ஜான்சிய ஏன் கேக்கறீங்க, நான்தான் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். மூணு வருஷமா உப்புத் தண்ணிங்க. குடிக்கிற தண்ணிக்கு ரோட்டுப் பைப்புக்குத்தான் போவணும்."

அய்யனார் தோளிலிருந்த துண்டை உதறினார். "கெளம்புக்கா. நல்ல வேள, இன்னும் கை நனைக்கல."

தையல்நாயகி தன் விரலில் ஒட்டியிருந்த விதையைப் பார்த்தாள். "நான் ரெண்டு பழம் தின்னுட்டேன்டா."

"அதெல்லாம் ஒரு கணக்கா?"

"அவங்க மண்ணுல வெளஞ்சது. சாப்பிடலைன்னு நான் எந்த வாயால சொல்றது?" என்றவள் தனகோடி பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அதை மறைக்கவில்லை. "தண்ணி உப்பா இருக்கிறது உங்க தப்பில்ல. ஒளிச்சது தப்பு. என் மாமியார் வீட்டுல கெணத்துத் தண்ணி தேனாட்டம் இருக்கும். அதப் பாத்துதான் எங்கப்பா என்னைக் குடுத்தாரு. அந்தத் தண்ணியக் குடிச்சிக்கினு நான் அழாத நாளு கெடையாது."

அவள் செந்தமிழைப் பார்த்தாள். "ஏம்பா, பைப்புத் தண்ணி இப்ப யாரு புடிச்சார்றது?"

"நான்தாங்க. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பைக்ல ரெண்டு கொடம் கட்டி எடுத்தாருவேன்."

"கல்யாணத்துக்கு அப்பறம்?"

"அப்பவும் நான்தான், அத்த" என்றான் செந்தமிழ். அந்த வார்த்தை அவனையும் மீறித்தான் வந்தது. காது வரை சிவந்துபோய்க் குனிந்துகொண்டான். தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அய்யனார் மட்டும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப இலையப் போடச் சொல்லுங்க, பசிக்குது" என்றார்.

கூடத்தில் பந்தி போட்டார்கள். ஜான்சிக்கும் ஓர் இலை விழுந்தது. தனகோடி பரிமாறினாள். ரசம் வந்ததும் தையல்நாயகி ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இது அந்தப் பழம் இல்லியே?"

"உங்களுக்குன்னு நல்ல பழமாப் பாத்து வெச்சதுங்க" என்றாள் தனகோடி.

"அது?"

"அது எங்களுக்குங்க. பொடிப் பழத்துல வீட்டுக்குத் தனியா ஒரு சட்டியில வெச்சிருக்கேன்."

தையல்நாயகி தன் இலையில் இருந்த ரசச் சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். "அத எடுத்தாங்க, சம்பந்தி. இனிமே நாங்க இன்னா வெளியாளா?"

தனகோடி உள்ளே போய், அடுப்புக்குப் பின்னால் மூடி வைத்திருந்த கரி படிந்த சின்னச் சட்டியைத் தூக்கி வந்தாள். குனிந்து ஊற்றும்போது அவள் கண்ணீர் யார் இலையில் விழுந்தது என்று ஜான்சி பார்த்தாள். பார்த்தும், அன்றைக்கு ஒரு நாள் மட்டும், அதைப் பற்றி யாரையும் எதுவும் கேட்கவில்லை.