ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள்

எங்கள் பள்ளிக்கூடத்தை வைத்துக்கொள்ளலாமா, மூடிவிடலாமா என்று பார்க்கத் தென்காசியிலிருந்து ஓர் அதிகாரியம்மா வருகிறார் என்று ஹஸீபா டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பதே ஒன்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் மஞ்சு. இதை மூடினால் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நடுவில் குவாரி லாரி ஓடுகிற ரோடு. குறுக்கே வரும் எருமைக்கே பிரேக் போடாதவன்கள் என் மகளுக்கா போடப்போகிறான்கள்?

என் பெயர் தங்கபுஷ்பம். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி. எனக்கு அந்தப் பதவி வந்தபோது, "வாயுள்ளவளாப் பாத்துக் குடுத்துட்டாவ" என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். வாய் இல்லாதவள் கல்குவாரி ஊரில் குடித்தனம் நடத்திவிடுவாளாக்கும்!

வீரகேரளம்புதூரிலிருந்து வந்தால் முதலில் எங்கள் தகரக் கூரை வீடுகள், அப்புறம் பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் குவாரி. அது பள்ளிக்கூடமாகக் கட்டியதே இல்லை. குவாரி தொடங்கிய காலத்தில், வெடி வைக்கும்போது ஆட்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய கொட்டகை. தடிச் சுவர், மேலே கற்பலகைக் கூரை. கல் சுமக்கப் போன பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வெடிச் சத்தத்துக்கு அவை வீரிட்டு அழும். ஐந்தாவது வரை படித்த ஆவுடைத்தாய் என்று ஒருத்தி, அவளும் கல் சுமந்தவள்தான், அழுகையை அடக்க வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அப்படித்தான் பள்ளிக்கூடம் பிறந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது; போர்டு வந்தது, பெஞ்சு வந்தது.

வெடி மட்டும் நிற்கவில்லை. மத்தியானம் முதல் விசில் கேட்டதும் ஊர் மொத்தமும் ஆடு கோழியோடு பள்ளிக்குள் வந்துவிடும். பிள்ளைகள் சோற்றுத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டாம் விசிலில் ஒன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கும். மூன்றாம் விசிலும் ஊதி, ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் வெடித்துவிடும். அதனாலேயே எங்கள் ஊரில் படித்த ஒருத்தருக்கும் எட்டாம் வாய்ப்பாடு உருப்படியாக வராது.

அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். சாந்தமான முகம். என் வாய் ஓயவில்லை. ஆவுடைத்தாயில் தொடங்கி அவ்வளவு வரலாற்றையும் கொட்டினேன். ஹஸீபா டீச்சர் பின்னால் நின்று, போதும் போதும் என்று கண்ணைக் காட்டினார். டீச்சருக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் சுடலையாண்டியும் சேர்ந்துகொண்டார். "மேடம், அந்தக் கொடிக்கம்பம் ஊனியிருக்க கல்லப் பாத்தியளா? அது போன வருசம் வெடியில பறந்து வந்து இந்தக் கூரையில விழுந்தது. கூரை அசையலையே!"

அந்த நேரம் பார்த்து முதல் விசில் ஊதியது. ஊர் உள்ளே ஓடி வந்தது. அதிகாரியம்மா திகைத்து நின்றார். மஞ்சு தன் தட்டை அவர் தலையில் கவிழ்த்து, கையைப் பிடித்துப் பெஞ்சுக்கு அடியில் இழுத்தாள். ஆறாம் வாய்ப்பாடு பாதியில் வெடித்தது. கூரையில் கல் தடதடவென்று உருண்டது. அவர் சேலையெல்லாம் வெள்ளைப் பொடி.

நாங்கள் எல்லோரும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

"பாத்தியளா மேடம்! இத்தன வருசத்துல ஒரு பிள்ளைக்குக் கீறல் உண்டா?" என்றேன்.

அவர் கூரையைப் போனில் படம் பிடித்தார். "இனிமே ஒரு நிமிஷம்கூட இந்தக் கட்டடத்துல பிள்ளைங்க இருக்கக் கூடாது" என்றார்.

"அப்ப வெடிய நிறுத்திருவியளா மேடம்?"

"குவாரி எங்க துறை இல்லம்மா. எழுதிப் போடுறேன்."

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சாயங்காலமே கதவைப் பூட்டி அரக்குச் சீல் வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் அடுத்த ஊருக்குப் போக வேண்டுமாம்.

"தவள தன் வாயால கெட்ட கததான்" என்றார் சுடலையாண்டி.

"அந்தக் கொடிக்கம்பக் கல்லக் காட்டுனது எந்தத் தவள?" என்று கேட்டேன். மனுஷன் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் என்ன பொய்யா சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்!

மறுநாள் மத்தியானம் முதல் விசில் ஊதியது. கால் கேட்குமா? அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடினோம். பூட்டு தொங்கியது. திரும்பி வீட்டுக்கு ஓடினால் மேலே வெறும் தகரம். இரண்டாம் விசிலும் ஊதிவிட்டது. பிள்ளைகள் தாமாகவே பள்ளிச் சுவரடியில் குந்தி, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த தட்டைத் தலையில் கவிழ்த்து, "ஓரொண்ணு ஒண்ணு" என்று தொடங்கிவிட்டார்கள்.

சுடலையாண்டி தோளில் கிடந்த, கல் உடைக்கிற சம்மட்டியைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, சீல் வச்ச பூட்டு! ஒடச்சா கேசு ஆயிரும்!"

"பிள்ள மண்ட ஒடஞ்சா அது எந்தத் துறைன்னு கேட்டுச் சொல்லுங்க!"

ஓங்கி அடித்தேன். தாழ்ப்பாள் நெளிந்தது, பூட்டு அசையவில்லை. மூன்றாம் விசில். பிள்ளைகள் ஐந்தாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள். அடித்தேன். ஆறு. கை வழுக்கியது. ஏழும் முடிந்துவிட்டது. வெடிக்கவில்லை. மஞ்சு எட்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கி, இரண்டு வரி சொல்லிவிட்டு முழித்தாள். மற்ற பிள்ளைகளும் முழித்தன. அந்த அமைதி மாதிரி ஒரு பயம் நான் பட்டதில்லை.

அண்ணாந்து பார்த்தேன். குவாரி மேட்டில், வெடிப் பெட்டியின் சுவிட்சுக்கு முன்னால், தினமும் வெடி போடுகிற குத்தாலிங்கம் அண்ணாச்சி எங்களையே பார்த்தபடி சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் குவாரி மேஸ்திரி கையை வீசிக் கத்துவது தெரிந்தது. அண்ணாச்சி சுவிட்சில் கை வைக்கவில்லை.

சுடலையாண்டி என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினார். ஒரே அடி. பூட்டு தெறித்தது.

பிள்ளைகளை உள்ளே தள்ளினோம். கடைசி ஆடு உள்ளே நுழைந்த பிறகுதான் வெடித்தது. புழுதி அடங்கி வெளியே வந்து பார்த்தால், மஞ்சு குந்தியிருந்த சுவரடியில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரு கல் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுதுவிட்டேன்.

குத்தாலிங்கம் அண்ணாச்சியை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நாளைக்கு வேறு ஆள் வருவானாம். சீலை உடைத்ததற்காக எங்களைப் பிடிக்க நாளைக்குப் போலீஸும் வருமாம்.

வரட்டும். நன்றாக மத்தியானமாகப் பார்த்து வரட்டும். மூன்றாம் விசில் ஊதினால் அவர்களும் இதற்குள்ளேதானே ஓடி வர வேண்டும்? ஆளுக்கொரு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.