இருபத்தைந்து வாட் சூடு

ஷாமளா தேநீர்த் தட்டோடு மயங்கி விழுந்த அன்று, அவள் கணவர் உமாபதி கையை மட்டும் உயர்த்தினார். பாட்டுக் கேட்க வந்து, அவளைத் தூக்க எழப்போன நண்பர்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். "இருங்கலா, சரணம் முடியட்டும்," என்றார். சரணம் முடிந்த பிறகுதான் அவள் முகத்தில் தண்ணீர் பட்டது.

புக்கிட் பெருந்துங் டெரஸ் வரிசை வீட்டில் மதியம் மூன்று மணி வெயிலே ஆளைக் கொல்லும். இதில் முப்பது கிலோ ஆம்ப்ளிஃபயர் வேறு கூடத்தில் தோசைக்கல்லாய்க் காயும். ஃபேன் போடக்கூடாது, அதன் சத்தம் பாட்டில் விழுந்துவிடுமாம். ஞாயிறுதோறும் ரவாங் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த தனபாலனும் ரவீந்திரனும் வருவார்கள். உமாபதி ஆம்ப்ளிஃபயர் மூடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். "சூட்லதான்லா பாட்டோட உசுரு இருக்கு."

"சூடே ஆகாத சின்ன ஆம்ப்ளிஃபயர் வந்திருக்காம்ங்க. இல்லாட்டி ஃபேனாவது போடலாமே," என்று அவள் கேட்கும்போதெல்லாம் நண்பர்கள் பக்கம் திரும்பிச் சொல்வார்: "இவளுக்கு குக்கர் விசில்தான் சங்கீதம்." மூவரும் சிரிப்பார்கள். பத்தொன்பது வருடமாக அதே பேச்சு, அதே சிரிப்பு.

அவளுக்கு அன்பு, அனுதாபம் ஒன்றும் வேண்டாம். அந்த ஃபேன் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

உமாபதி ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் ஈப்போ போனார். கோலா சிலாங்கூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுகுமாறனை ஷாமளா வரவழைத்தாள். அவன் உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, கையகல ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பொருத்தினான். வெளிப்பெட்டியும் திருகுகளும் பழையவையே. கழற்றிய செம்பும் இரும்பும் பழைய இரும்பு லோரியில் ஏறிப் போயின.

"சத்தம் ஓகேக்கா. ஆனா தொட்டுப் பாத்தார்னா மாட்டிக்குவீங்க. இது சுடவே சுடாது."

ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் பல்பு எரியவிட்டுக் கோழிக்குஞ்சு வளர்த்தவள் அவள். அடுப்படியிலிருந்து இருபத்தைந்து வாட் குண்டு பல்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "இத உள்ள மாட்டு. குஞ்சுக்கே போதும்னா இவருக்கும் போதும்."

ஒரே ஒரு ஞாயிறு அவர் ஏமாந்தால் போதும், உண்மையைச் சொல்லி ஃபேனைப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். அந்த ஞாயிறு உமாபதி மூடியில் கைவைத்தார். "கல்யாண வீட்டு மேளத்துல கெட்டுப்போன காது இப்பத்தான் சரியாச்சு," என்றார். அவள் வாயைத் திறக்குமுன், அவள் மயங்கி விழுந்ததை நடித்துக் காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஏழு ஞாயிறு விட்டுப் பிடித்தாள். வாரத்துக்கு வாரம் அவர் புகழ்ச்சி ஏறிக்கொண்டே போனது.

எட்டாவது ஞாயிறு பல்பு ஃபியூஸ் ஆனது.

மூடியில் வைத்த கையை உமாபதி சட்டென்று எடுத்தார். "இன்னிக்குப் பாட்டு செத்துப்போச்சு. கேக்குதா? அடிக்குரலே இல்ல."

"ஆமாலா, வெறும் எலும்பு," என்றார் தனபாலன். ரவீந்திரனுக்கும் எலும்பு கேட்டது.

ஷாமளா ஸ்க்ரூ டிரைவரோடும் புதுப் பல்போடும் வந்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றினாள். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் கையகலத்தில் ஒரு பலகை, பக்கத்தில் கறுத்துப்போன பல்பு. பல்பை மாற்றினாள். வெளிச்சம் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. பாட்டு முன்போலவே ஓடியது.

"இப்பக் கேளுங்கண்ணே. உசுரு வந்திருச்சா?"

"எத்தன நாளா?" உமாபதி பல்பைப் பார்த்தபடி கேட்டார்.

"ரெண்டு மாசமாங்க. பழசு இரும்பு லோரில போயிருச்சு."

அவர் எழப்போனார். ஷாமளா கையை உயர்த்தினாள். "இருங்க, சரணம் முடியட்டும்."

அவர் உட்கார்ந்தார். தனபாலன் குனிந்து சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ரவீந்திரனும் சேர்ந்துகொண்டார். பத்தொன்பது வருடமாக அவள் கேட்ட அதே சிரிப்பு. உமாபதியின் கண் கலங்கியது. அவளுக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. எழுந்து போய் ஃபேனைப் போட்டாள்.

அதன் பிறகு நண்பர்கள் வருவதில்லை. உமாபதி கூடத்துப் பக்கமே வருவதில்லை. ஞாயிறு மூன்று மணிக்கு ஷாமளா தனியே ஃபேனடியில் உட்கார்ந்து பாட்டைப் போடுகிறாள். பல்பை அவள் கழற்றவில்லை. மூடியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அவர் சாத்திக்கொண்ட அறைக்குள் கேட்கும்படி வாராவாரம் சொல்கிறாள்: "சூடு சரியா இருக்குங்க. வந்து கேளுங்க."